ஒரு சொல்லுக்கு அறுபதாயிரம் சொற்கள்: ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி வளர்ந்த வரலாறு

நம் நூலகத்தின் குறிப்புதவிப் பகுதியில் இருபது கனத்த தொகுதிகள் வரிசையாக நிற்கின்றன. 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு அது. 21,730 பக்கங்கள், எடை அறுபது கிலோவுக்கு மேல். பொன்விழா மலருக்கு ஒரு நிறுவன வரலாறு வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, கட்டடமும் கல்வெட்டும் உள்ள நிறுவனங்களைவிட இந்த இருபது தொகுதிகளின் வரலாறுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஒரு மொழிக்காக ஒரு சமூகம் எழுபது ஆண்டுகள் கூடி உழைத்த வரலாறு அது. நூலகத்தின் விழாவில் சொல்லத் தக்கது.

அந்த வரலாற்றுக்குள் நுழைய ஒரு சொல் போதும். பதினைந்தாம் தொகுதியை எடுத்து 'செட்' என்ற வினைச்சொல்லைத் தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஆனால் அதை விளக்க இரண்டாம் பதிப்பு செலவிட்டிருப்பது ஏறக்குறைய 60,000 சொற்கள், அதாவது ஒரு நாவல் அளவு. தனிச் சொல்லுக்கு மட்டும் சுமார் 430 பொருள். துணைச் சொற்களோடு சேர்ந்து வரும் வழக்குகளையும் கூட்டினால் சுமார் 580 பொருள் வருகிறது. அந்தப் பதிப்பின் மிக நீளமான பதிவு இதுவே.

இந்தச் சொல் நமக்கும் அந்நியமானதல்ல. வயலில் பம்ப்செட் ஓடுகிறது. ஓட்டலில் செட் தோசை கிடைக்கிறது. கோடம்பாக்கத்தில் செட் போட்டுப் படம் எடுக்கிறார்கள். 'அவங்க ரெண்டு பேருக்கும் செட் ஆகல' என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். இவையெல்லாம் ஒரே சொல்லா என்று கேட்டால் பதில் சற்றுச் சிக்கலானது.

பழைய ஆங்கிலத்தில் 'சிட்டன்' என்றால் உட்கார்தல். 'செட்டன்' என்றால் உட்கார வைத்தல். நம் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்கிறோமே, அதே உறவு. அமர் என்பதற்கு அமர்த்து, இரு என்பதற்கு இருத்து போல 'சிட்' என்பதற்கு 'செட்'. உட்கார வைத்தால் ஒரு பொருள் ஓரிடத்தில் நிலைகொள்ளும். அந்த ஒரு கருத்திலிருந்துதான் நூற்றுக்கணக்கான கிளைகள் பிரிந்தன. கோழியை முட்டைமேல் உட்கார வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது, பொறி வைப்பது, நாள் குறிப்பது, கடிகாரத்தைத் திருத்தி வைப்பது, அச்சுக் கோப்பது, சிமென்ட் இறுகுவது, கதிரவன் மறைவது எல்லாம் இந்த ஒரே வினைச்சொல்லின் வேலை.

தொகுதி, கூட்டம் என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல்லுக்கு வேறு பிறப்பு. இலத்தீனில் 'செக்டா' என்றால் ஒருவரைப் பின்பற்றிச் செல்லும் கூட்டம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் 'செக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். ஜெர்மானிய வழி வந்த ஒன்றும் இலத்தீன் வழி வந்த ஒன்றும் ஒலியில் ஒன்றாகி, பொருளிலும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டன. சினிமா செட் முதல் குடும்பத்தைச் சேர்ந்தது. காட்சியை அமைத்து வைப்பதிலிருந்து வந்தது. செட் தோசையின் செட்டைத் தொகுதி என்ற இரண்டாம் குடும்பத்தில்தான் சேர்க்க வேண்டும்.

இப்படிப் பிரித்துச் சொல்ல ஒருவருக்கு எங்கிருந்து துணிவு வந்தது? எந்தப் பொருள் முதலில் வந்தது, எது அதிலிருந்து கிளைத்தது என்பதற்கு என்ன சான்று? அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்த அகராதியே பிறந்தது.

1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் பெரிய அகராதியை வெளியிட்டார். இலக்கிய மேற்கோள் காட்டிப் பொருள் சொன்ன அருமையான நூல். நூறாண்டு கழித்தும் அதைத் தாண்டிய முழுமையான அகராதி ஆங்கிலத்தில் இல்லை என்ற குறை லண்டன் மொழியியல் கழகத்தாருக்கு இருந்தது. 1857-இல் அகராதிகளில் இடம்பெறாத சொற்களைத் திரட்ட ஒரு குழு அமைத்தார்கள். ரிச்சர்ட் செனெவிக்ஸ் டிரெஞ்ச், ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், ஃபிரடெரிக் ஃபர்னிவால் ஆகிய மூவர் அதில் இருந்தனர். அந்த ஆண்டு நவம்பரில் டிரெஞ்ச் கழகத்தில் இரண்டு கட்டுரைகள் படித்தார். அகராதிக்காரர் நல்ல சொல், கெட்ட சொல் என்று தீர்ப்புச் சொல்பவர் அல்லர், வரலாற்றாசிரியர் என்பது அவர் வாதம். ஒரு சொல் எப்போது பிறந்தது, எந்தெந்தக் காலத்தில் என்னென்ன பொருளில் வழங்கியது, எப்போது வழக்கொழிந்தது என்பதைச் சான்றோடு பதிய வேண்டும் என்றார். ஒரு மனிதரால் இது ஆகாது, பலர் சேர்ந்து படித்தால்தான் ஆகும் என்பதையும் அவரே சொல்லிவிட்டார். விடுபட்ட சொற்களைத் திரட்டப் போனவர்கள் அடுத்த சில மாதங்களுக்குள் முழுப் புது அகராதிக்கே திட்டம் போட்டார்கள்.

முதல் பதிப்பாசிரியர் ஹெர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் கோல்ரிட்ஜின் பேரன். மேற்கோள் சீட்டுகளை அடுக்க 54 அறைகள் கொண்ட ஓர் அலமாரி செய்து வைத்தார். 1861-இல் காசநோயால் இறந்தார். வயது 30. அடுத்து வந்த ஃபர்னிவால் உற்சாகக்காரர். பழைய நூல்கள் அச்சில் இல்லாமல் சொல் எடுக்க முடியாது என்று கண்டு, அவற்றைப் பதிப்பிக்க 1864-இல் தனிக் கழகமே தொடங்கினார். ஆனால் கணக்கும் ஒழுங்கும் அவருக்குக் கைவரவில்லை. எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுத்த சீட்டுகள் தொண்டர்களின் வீடுகளிலேயே தங்கிப் போயின. இருபதாண்டு இப்படியே கழிந்தது.

அகராதியைக் காப்பாற்றியவர் ஜேம்ஸ் மர்ரே. ஸ்காட்லாந்தின் டென்ஹோம் என்ற சிற்றூரில் 1837-இல் தையற்காரர் ஒருவருக்குப் பிறந்தவர். 14 வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. மற்றதெல்லாம் தாமே கற்றது. லண்டனில் இந்தியச் சார்ட்டர்டு வங்கியில் எழுத்தராக இருந்தார். பிறகு மில்ஹில் பள்ளியில் ஆசிரியரானார். 1879 மார்ச் முதல் தேதி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்துடன் அவருக்கு ஒப்பந்தம் ஆயிற்று. பத்தாண்டுகளில் நான்கு தொகுதிகள் என்பது திட்டம்.

மில்ஹில்லில் தன் வீட்டு முன்புறம் தகரக் கொட்டகை ஒன்று போட்டு, உள்ளே 1,029 சிற்றறைகள் அமைத்தார் மர்ரே. 'எழுத்துச்சாலை' என்ற பொருள்பட அதற்கு இலத்தீனில் ஒரு பெயரும் வைத்தார். ஃபர்னிவால் வசமிருந்து வந்து இறங்கிய சீட்டுகள் ஏறக்குறைய இரண்டு டன். ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. இன்னொன்றில் சுண்டெலிக் குடும்பம் உயிரோடு குடியிருந்தது. 'எச்' எழுத்து முழுவதும் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் இருந்தது. 'பி.ஏ.' என்று தொடங்கும் சொற்களின் சீட்டுகள் அயர்லாந்தில் ஒரு குதிரை லாயத்தில் கண்டெடுக்கப்பட்டன. பெரும்பகுதி ஏற்கெனவே அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டது.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கடிதத்தாளில் பாதி அளவுத் துண்டு. இடது மேல் மூலையில் சொல். அதன் கீழே ஆண்டு, எழுதியவர் பெயர், நூல், பக்க எண். பிறகு அந்தச் சொல் வரும் வாக்கியம் முழுமையாக. அவ்வளவுதான். சீட்டு எழுதுபவர் பொருள் சொல்ல வேண்டியதில்லை, கருத்துச் சொல்ல வேண்டியதில்லை. கண்ட இடத்தையும் காலத்தையும் பிழையில்லாமல் எழுதினால் போதும். 1879-இல் மர்ரே ஆங்கிலம் படிக்கும் பொதுமக்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள் அச்சிட்டு அனுப்பினார். படித்துச் சீட்டு எழுத ஆயிரம் பேர் வேண்டும் என்று கேட்டார். பாதிரியார்கள், ஆசிரியைகள், வீட்டில் இருந்த பெண்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் என்று பலரும் எழுதினார்கள். எடித் தாம்ஸன், எலிசபெத் தாம்ஸன் என்ற சகோதரிகள் மட்டும் ஏறத்தாழ 15,000 மேற்கோள்கள் தந்தார்கள். மர்ரேயின் பதினொரு பிள்ளைகளும் கைச்செலவுக் காசுக்குச் சீட்டு அடுக்கியே வளர்ந்தார்கள்.

வந்த சீட்டுகளை அகர வரிசைப்படுத்துவது எளிய வேலை. அதற்குப் பிறகுதான் தலைவலி. ஒரு சொல்லுக்குரிய சீட்டுகளை மேசையில் பரப்பி, பொருள் வாரியாகக் குவியலாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குவியலையும் ஆண்டு வரிசையில் அடுக்க வேண்டும். எந்தக் குவியலின் முதல் சீட்டு மிகப் பழையதோ அந்தப் பொருள் முன்னே வரும். எந்தக் குவியல் எதிலிருந்து பிரிந்தது என்பதை அப்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். ஒரு சீட்டு இரண்டு குவியலிலும் பொருந்தும். ஒன்றை மாற்றி வைத்தால் ஒழுங்கு முழுவதும் குலையும். 'செட்' போன்ற சொல்லுக்கு எத்தனை முறை கலைத்துக் கலைத்து அடுக்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அந்த 60,000 சொற்களின்மேல் தனி மரியாதையே வருகிறது.

அந்தப் பணி ஹென்றி பிராட்லியின் பங்காக விழுந்தது. ஷெஃபீல்டில் கத்தி, கத்தரி செய்யும் நிறுவனம் ஒன்றில் இருபதாண்டு எழுத்தராக இருந்தவர். அவரும் தானாகக் கற்றவரே. அகராதியின் முதல் பகுதி 1884-இல் வந்தபோது அதற்கு அவர் எழுதிய மதிப்புரையின் நுட்பத்தைக் கண்டு வியந்துதான் அவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். 1888-இல் தனிப் பதிப்பாசிரியர் ஆனார். தாமாகவே கற்ற இரண்டு எழுத்தர்கள் உலகின் மிகப் பெரிய அகராதிகளுள் ஒன்றின் முதல் இரு தூண்களாக நின்றார்கள் என்பது நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

சீட்டு அனுப்பியவர்களில் ஒருவரைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு விரிவாகவே சொல்ல வேண்டும். வில்லியம் செஸ்டர் மைனர் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர். மனநோயால் அவதிப்பட்டவர். 1872 பிப்ரவரியில் லண்டனின் லாம்பெத் பகுதியில், தன்னைக் கொல்ல வருகிறான் என்று மருண்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜார்ஜ் மெரெட் என்ற அப்பாவித் தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார். சித்தம் கலங்கியவர் என்று தீர்ப்பாகி, பிராட்மூர் மனநோய்க் காப்பகத்தில் அடைக்கப்பட்டார். இராணுவ ஓய்வூதியம் வந்துகொண்டிருந்தது. அதில் பழைய நூல்களாக வாங்கி அறையை நிரப்பினார். அகராதிக்கு ஆள் தேவை என்ற வேண்டுகோள் அவர் கையிலும் வந்து சேர்ந்தது.

மற்றவர்கள் படித்துக்கொண்டே போய்க் கண்ணில் பட்ட சொல்லுக்குச் சீட்டு எழுதினார்கள். மைனர் ஒவ்வொரு நூலுக்கும் சிறிய எழுத்தில் ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொண்டார். ஆசிரியர் குழு இப்போது எந்தச் சொல்லில் வேலை செய்கிறது என்று கேட்டு எழுதுவார். அடைவைப் புரட்டி, தேவைப்பட்ட சொல்லுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் மேற்கோள் அனுப்புவார். ஆயிரக்கணக்கில், ஆண்டுக்கணக்கில். 1891-இல் மர்ரே பிராட்மூருக்கே போய் அவரைப் பார்த்தார். அங்கே போய் இறங்கிய பிறகுதான் மைனர் காப்பகவாசி என்று மர்ரேக்குத் தெரிந்தது என்றொரு கதை வெகுகாலம் உலவியது. அது உண்மையல்ல, முன்பே தெரிந்துதான் போனார். தெரிந்தே அந்த மனிதரை அறிஞராக மதித்து, நண்பராக ஏற்றுக்கொண்டார் என்பதில்தான் மர்ரேயின் பெருமை இருக்கிறது.

இந்த மைனர் பிறந்தது இலங்கையில், 1834-இல். அவர் தந்தை ஈஸ்ட்மன் ஸ்ட்ராங் மைனர், யாழ்ப்பாணம் மானிப்பாயில் இயங்கிய அமெரிக்க மிஷன் அச்சகத்தின் பொறுப்பாளர். 1842-இல் அந்த அச்சகத்திலிருந்துதான் 'மானிப்பாய் அகராதி' என்று நாம் அழைக்கும் தமிழ்–தமிழ் அகராதி வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதரும் பிறரும் உழைத்த நூல் அது. அப்போது சிறுவன் வில்லியத்துக்கு எட்டு வயது. 14 வயதில்தான் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அகராதித் தாள்கள் அச்சேறிய ஊரில் வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் சிறையறை போன்ற இடத்தில் உட்கார்ந்து உலகின் மிகப் பெரிய அகராதிகளுள் ஒன்றுக்குச் சொல் பொறுக்கினார். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இதைத் தங்கள் ஊர் வரலாற்றின் ஒரு பக்கமாகவே எழுதி வைக்கலாம்.

ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால் என்ற இன்னொரு அமெரிக்கர் காசியில் சமஸ்கிருதக் கல்லூரியில் பணியாற்றியவர். பிறகு இங்கிலாந்தின் சஃபோக்கில் ஒரு சிற்றூரில் யாரோடும் அதிகம் ஒட்டாமல் ஒதுங்கி வாழ்ந்தார். இருபதாண்டு நாள்தோறும் அகராதிப் படிகளைத் திருத்திக் கொடுத்தார், கைம்மாறு ஏதும் கேட்காமல்.

பத்தாண்டில் முடியும் என்றவர்கள் ஐந்தாண்டு உழைத்த பிறகு போய்ச் சேர்ந்த சொல் எறும்பைக் குறிக்கும் 'ஆன்ட்'. 1884-இல் வெளிவந்த முதல் பகுதி 352 பக்கம். விற்றது 4,000 படிதான். அச்சகத்தார் பொறுமை இழந்தார்கள். பக்கத்தைக் குறை, மேற்கோளைக் குறை, வேகத்தைக் கூட்டு என்று நெருக்கடி வந்துகொண்டே இருந்தது. 1885-இல் மர்ரே குடும்பத்தோடு ஆக்ஸ்ஃபோர்டுக்கு, பான்பரி சாலைக்குக் குடிபெயர்ந்தார். அங்கும் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை. அடுத்த வீட்டுக்காரருக்குப் பார்வை மறைக்கக் கூடாது என்று அதைத் தரைக்குள் தோண்டி இறக்கினார்கள். உள்ளே எப்போதும் ஈரக் குளிர். குளிர் தாங்காமல் கால்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மர்ரே வேலை செய்தார். கடிதப் போக்குவரத்து அவ்வளவு இருந்ததால் அஞ்சல் துறை அவர் வீட்டு வாசலிலேயே ஒரு சிவப்புத் தபால் பெட்டியை நட்டது. அந்தப் பெட்டி இன்றும் அங்கே நிற்கிறது.

தவறும் நடந்தது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் சீட்டுகள் எங்கோ தவறிப் போய், அந்தச் சொல் அச்சில் விடுபட்டுவிட்டது. 1933 பிற்சேர்க்கையில்தான் அதற்கு இடம் கிடைத்தது. இலட்சக்கணக்கான சீட்டுகளைக் கையால் அடுக்கிய வேலையில் தவறிய சொற்கள் இவ்வளவு குறைவு என்பதே எனக்கு வியப்பு.

1915 ஜூலையில் மர்ரே மறைந்தார். அப்போது அவர் கையில் இருந்தது 'டி' எழுத்து. அகராதியின் ஏறக்குறைய பாதி அவர் கையால் ஆனது. பிராட்லி 1923-இல் போனார். வில்லியம் கிரெய்கியும் சார்லஸ் ஆனியன்ஸும் முடித்து வைத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய டோல்கீன், பிற்காலத்தில் புகழ்பெற்ற கதைகளை எழுதியவர், 1919-இலும் 1920-இலும் 'டபிள்யூ' எழுத்துச் சொற்களில் வேலை செய்திருக்கிறார். 1928 ஏப்ரலில் கடைசிப் பகுதி வெளிவந்தது. 15,490 பக்கம். 4,14,825 சொற்பதிவுகள். 18,27,306 மேற்கோள்கள். 1857-இல் கூடிய மூவரில் ஒருவரும் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அதன் பிறகும் வேலை நிற்கவில்லை. நியூசிலாந்தில் பிறந்த ராபர்ட் பர்ச்ஃபீல்ட் 1957-இல் பொறுப்பேற்று 1972 முதல் 1986 வரை நான்கு பிற்சேர்க்கைத் தொகுதிகள் கொண்டுவந்தார். மார்கனிட்டா லாஸ்கி என்ற எழுத்தாளர் தனி ஒருவராக ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மேற்கோள்கள் திரட்டிக் கொடுத்தார். 120 பேர் அமர்ந்து அகராதி முழுவதையும் கணினியில் ஏற்றினார்கள். அதன் விளைவுதான் நம் அலமாரியில் உள்ள 1989 பதிப்பு. 2000-இல் இணையத்துக்குப் போனது. மூன்றாம் பதிப்பின் திருத்தம் 'எம்' எழுத்தில் தொடங்கியது. அந்தத் திருத்தத்தில் 'செட்' தன் முதலிடத்தை இழந்தது. முதலில் 'மேக்', 2007-இல் 'புட்', 2011-இல் 'ரன்'. ஓடுதலைக் குறிக்கும் அந்த ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் ஒன்பது மாதத்துக்கு மேல் அதற்காகவே உட்கார்ந்தார். ஆறு ஓடியது, கப்பல் ஓடியது, இயந்திரம் வந்தபின் அதுவும் ஓடியது, தொழிலை ஓட்டினார்கள், தேர்தலில் ஓடினார்கள், கணினியில் நிரலை ஓட்டினார்கள். நமக்கும் இது புதிதல்ல. படம் நூறு நாள் ஓடுகிறது, கடை சுமாராக ஓடுகிறது, பொழுது ஓடமாட்டேன் என்கிறது.

தமிழ் அந்த அகராதிக்குள் போன வழியையும் சொல்ல வேண்டும். கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர் ஆகியவை ஆங்கில உருவில் அங்கே இருக்கின்றன. 2016-இல் நம் 'ஐயோ'வும் சேர்ந்துவிட்டது. கிழக்கிந்தியச் சொற்களுக்கு மர்ரே குழு பெரிதும் நம்பியது 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியை. ஹென்றி யூலோடு சேர்ந்து அதைத் தொகுத்தவர் ஏ.சி. பர்னெல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனைச் சமஸ்கிருத ஏடுகளுக்கு அட்டவணை எழுதியவரும் அவரே. தன் அகராதி அச்சாகுமுன் 1882-இல் அவர் இறந்துவிட்டார்.

இதையெல்லாம் படிக்கும்போது தமிழில் நாம் எங்கே நிற்கிறோம் என்ற எண்ணம் எழாமல் இருக்காது. நாம் பின்தங்கித் தொடங்கியவர்கள் அல்லர். ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்பதற்குத் திவாகர நிகண்டு ஒரு தனித் தொகுதியே ஒதுக்கியிருக்கிறது. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை முடித்துவிட்டார். ஜான்சனுக்கு இருபதாண்டுக்கும் முன்னால். சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் சாண்ட்லர் தலைமையில் தொடங்கி, 1926 முதல் வையாபுரிப் பிள்ளை தலைமையில் தொடர்ந்து, 1924-க்கும் 1939-க்கும் இடையே பிற்சேர்க்கையோடு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், எந்த மொழியாரும் மதிக்கும் உழைப்பு. பாவாணர் 1974-இல் தொடங்கி வைத்த சொற்பிறப்பியல் பேரகரமுதலி 2011-இல் நிறைவெய்தியது. இக்காலத் தமிழுக்குக் க்ரியா அகராதி இருக்கிறது. சாந்தி சாதனா வெளியிட்ட வரலாற்று முறைத் தமிழ் இலக்கியப் பேரகராதி, பெயர் சொல்வது போலவே, இலக்கியச் சொற்களை வரலாற்று நோக்கில் பார்த்தது.

ஆனாலும் 'வை' என்ற ஓரெழுத்து ஒருமொழியை எடுத்துக்கொள்ளுங்கள். 'செட்' செய்யும் வேலையில் பாதியை நம் 'வை' செய்கிறது. கோழியை அடை வைக்கிறோம். கண்ணி வைக்கிறோம். தீ வைக்கிறோம். நாள் வைக்கிறோம், பெயர் வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், மொய் வைக்கிறோம், பந்தயம் வைக்கிறோம், குழம்பு வைக்கிறோம், ஒப்பாரி வைக்கிறோம், ஒருவர்மேல் உயிரையே வைக்கிறோம். இவற்றில் சங்க காலத்தில் இருந்தவை எவை? சோழர் கல்வெட்டில் முதன்முதல் வருபவை எவை? குழம்பு 'வைப்பது' எப்போது தொடங்கியது, எந்த ஊரில் அது குழம்பு 'காய்ச்சுவது' ஆகிறது? தமிழ் லெக்சிகன் மேற்கோள் நூலைச் சொல்கிறது, ஆண்டைச் சொல்வதில்லை. ஈராயிரம் ஆண்டு இலக்கியமும் ஆயிரக்கணக்கான கல்வெட்டும் நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட இதழ்களும் உள்ள மொழியில், அடுப்படிச் சொல்லுக்கும் பட்டறைச் சொல்லுக்கும் கல்வெட்டுச் சொல்லுக்கும் ஒருங்கே கால வரிசையில் பொருள் தரும் ஒரே பேரகராதி வேண்டும். அது இன்னும் நம் கைக்கு வரவில்லை. இது பெரிய குறை என்பதே என் உறுதியான கருத்து.

பணம் இல்லை, ஆள் இல்லை என்று சொல்லிப் பயனில்லை. மர்ரேயிடம் இருந்தது தகரக் கொட்டகையும் தபால் பெட்டியும்தான். நம் நூலகத்தில் பழைய இதழ்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. வட்டாரச் சொல் தெரிந்த பெரியவர்கள் நாள்தோறும் செய்தித்தாள் பகுதிக்கு வருகிறார்கள். பொன்விழா ஆண்டில் நூலக நண்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு பழைய நூலை அல்லது ஓராண்டு இதழ்க் கட்டை ஏற்றுக்கொள்ளலாம். கண்ணில் படும் சொல், வாக்கியம், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை அட்டையில் எழுதிக் குறிப்புதவிப் பகுதியில் கொடுங்கள். பொருள் எழுத வேண்டாம். அதைப் பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆண்டையும் பக்கத்தையும் மட்டும் தவறாமல் எழுதுங்கள். முதல் சொல்லாக 'வை'யையே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.